மூணு நாளில் சுவராகிவிடும்

மர்ஃபி டவுனில் அந்த வீட்டுக்கு
முதல் மாதிரியை எடுத்துப் போனேன்.
ஏழு நாளுக்கு ஏழு நிறம்,
முப்பத்தைந்து கட்டங்கள்,
கண்ணை உறுத்தக் கூடாதென்று
மூலைகளைக்கூட வளைத்திருந்தேன்.
அமலோற்பவம் தள்ளி நின்று பார்த்தார்.
"நல்லாத்தான் இருக்கும்மா.
மூணு நாள்ல சுவராயிடும்."

அந்த வீட்டில் ஏற்கெனவே
நிறைய சுவராகியிருந்தன.
ஃப்ரிட்ஜ் கதவில் காது மடங்கிய மஞ்சள் சீட்டுகள்.
போன மே மாதத்திலேயே நின்றுவிட்ட காலண்டர்.
கண்ணாடியில் லிப்ஸ்டிக்கால் 'கேஸ் புக் பண்ணு';
அந்த எழுத்துக்கு நடுவில் முகம் பார்த்துத்தான்
தினமும் தலை சீவுகிறார்.
அலமாரிக்குக் கதவில்லை. அவரே கழற்றிவிட்டார்.
"மூடினா இல்லாமப் போயிடுது.
துணி, மருந்து,
ஒரு தடவை எல்.ஐ.சி. பத்திரம்."

நாற்பத்து மூன்று வயதில்தான்
மருத்துவமனைச் சீட்டில் அதற்கு
நான்கு இங்கிலீஷ் எழுத்து கிடைத்தது.
அதுவரை வேறு பெயர்கள்:
அசட்டை, திமிர், பொறுப்பு கெட்டவ.
பால் பொங்கி அடுப்பு அணைந்த இரவுகளில்
கணவர் ஜெபமாலை மாதிரி உருட்டியவை.

பயனரின் நினைவாற்றல் எவ்வளவு என்று
அலுவலகத்தில் ஒரு படிவம் கேட்டது.
நிரப்பத் தெரியாமல்
அவர் கண்டக்டராகப் போகிற பஸ்ஸில் ஏறினேன்.

சிவாஜிநகரிலிருந்து மாரத்தஹள்ளி.
காலை எட்டரை. மூச்சு விடவும் முறை வைக்க வேண்டிய கூட்டம்.
பெண்களுக்கெல்லாம் இலவசம்;
ஆதாரில் கோயம்புத்தூர் என்பதால் எனக்கு மட்டும் காசு.
பச்சைச் சட்டைக்கு அல்சூர்,
கைக்குழந்தைக்காரிக்குத் தொம்லூர்,
பாஸ் இல்லாத பையனை முதுகை வைத்தே தெரியும்.
யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது
டிக்கெட்டின் பின்புறம், பேனாவில்.
முந்தே ஹோக்ரி, முந்தே...
விசில்.
ஒன்றுகூடத் தவறவில்லை.

எப்படி என்று கேட்டேன்.
"நான் எங்க ஞாபகம் வச்சேன்?
தொம்லூர் தானா ஜன்னலுக்கு வருது.
அது போனாத்தான் அடுத்தது.
வீட்லதான்
எல்லா ஸ்டாப்பும் ஒரே நேரத்துல வந்து நிக்குது."

அன்றிரவு முப்பத்தைந்து கட்டங்களையும் அழித்தேன்.
நிறங்களை விடுவது கஷ்டமாக இருந்தது,
அதிலும் ஒரு இளநீலம்.
மிஞ்சியது ஒரு நீள அட்டை,
அதன்மேல் நகரும் மரச்சட்டம்,
சட்டத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு ஜன்னல்.
ஜன்னலில்: பாலை இறக்கு.
தள்ளினால்: மாத்திரை.
தள்ளினால்: சாவி, செருப்புக்குள்.
மற்ற ஊர்களெல்லாம் மறைவில்.
சுவராகிவிடாதிருக்க
வாரம் ஒரு அறைக்கு மாற்றச் சொல்லியிருந்தேன்.

வேலை செய்கிறதா என்கிறார்கள்.
மாதத்துக்கு இரண்டு தடவை பால் பொங்குகிறது.
முன்பு யாரும் எண்ணியதில்லை.
ஒரு வாரம் மரச்சட்டத்தையே காணோம்,
அரிசி டப்பாவுக்குள் இருந்தது.
எப்படிப் போனதென்று நான் கேட்கவில்லை,
அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை.
அறிக்கையில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவதென்று
இன்னும் தெரியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை மறுபடி அவர் பஸ்.
சில்லறை இல்லை; டிக்கெட்டின் பின்னால்
ஐந்து என்று எழுதி வட்டம் போட்டுத் தந்தார்.
அட்டையின் அகலத்தைக் கால் அங்குலம் குறைக்கலாமா
என்று யோசித்துக்கொண்டே இறங்கி நடந்துவிட்டேன்.

ராத்திரி பத்தரைக்கு ஒரு போட்டோ வந்தது.
அதே மரச்சட்டம்.
ஜன்னலில் செலோடேப் ஒட்டிய ஐந்து ரூபாய்க் காசு.
கீழே கன்னட எழுத்தில்,
நான் இறங்க வேண்டிய இடம்போல,
கோயம்புத்தூர்.