மஞ்சள் தீர்ந்த படம்

எங்கள் ஊர் எந்தப் படத்திலும் அகப்பட்டதில்லை.
வால்விஸ் விரிகுடா இருக்கவேண்டிய இடத்தில்
வெள்ளையாய் ஒரு திட்டு.
"மூடுபனி" என்பார் கவாசெப் சார்,
தான் செய்த தப்புபோல.
அதற்குள்தான் தினமும் பள்ளிக்கு நடக்கிறோம்,
விண்கோளுக்குத் தெரியாமல்.

அந்த வாரம் பாலைக்காற்று.
பல்லிடுக்கில் மணல், கதவுப்பிடியில் சூடு.
பனி பிய்ந்துபோன செவ்வாய்க்கிழமை
மாட்டிக்கொண்டோம்.

புரொஜெக்டர் செத்துப் பல மாதம் ஆகிறது.
மீன் ஆலை அலுவலகத்தில் கெஞ்சி
வெள்ளியன்று அச்சிட்டு வந்தார் சார்,
ஒன்பது தாள்.
அங்கே மஞ்சள் மை தீர்ந்திருந்ததால்
நமீப் பாலைவனம்
ரோஜா நிறத்தில் கிடந்தது.
"பிறந்தநாள் கேக்" என்றான் எலாகோ.
சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

பிறகு பள்ளியைத் தேடினோம்.
ஒரு கட்டத்துக்கு இருநூற்றைம்பது மீட்டர்.
எங்கள் வகுப்பு, கால்பந்துத் திடல்,
லூத்தரன் தேவாலயம், பெனெஹாஃபோ வீட்டு நாய்,
எனக்குப் பதினேழு மார்க் போட்ட கணக்கு விடைத்தாள்
எல்லாம் சேர்ந்து
ஒரே ஒரு சாம்பல் புள்ளி.
யாருக்கும் கோபம் வரவில்லை.
அத்தனை பேரும் ஒரே போர்வைக்குள் இருந்ததுபோல.

கரையோரம் மட்டும் கடல் வெளிறியிருந்தது.
சார் குறிப்பேட்டைப் பார்த்து வாசித்தார்:
அடிச்சேற்றில் அழுகியது வாயுவாய் எழும்,
மேலே வந்து கந்தகத் தூளாகும்,
தண்ணீர் பச்சைப் பாலாகும்.
"பச்சையே இல்லையே, சார்."
தாளைத் திருப்பிப் பார்த்தார்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
நீலம். வெறும் நீலம்.

ஹிலேனி எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள்.

கூமுட்டை!
செவ்வாயன்று கடலுக்குள் தள்ளிய காற்று
திரும்பி வந்திருந்தது.
மூக்கைப் பொத்தியபடி முப்பத்தொரு பேர்
படத்தில் இல்லாத நிறத்தை
சுவாசித்துக்கொண்டிருந்தோம்.
"காலையிலேயே கறுத்துப்போச்சு, சோப்புன்னு நெனச்சேன்"
தன் வெள்ளி வளையலைக் காட்டினாள் அவள்.

வகுப்பில் இருந்தது ஒரே மஞ்சள் பென்சில்,
சுண்டுவிரல் நீளம்.
நீலத்தின் மேல் தேய்க்கத் தேய்க்கப்
பச்சை வந்தது.
எங்கே நிறுத்துவது என்பதில்தான் சண்டை.
உப்பளம் வரை என்றான் எலாகோ.
அப்பாவின் படகு நிற்கும் முனையைத் தாண்டியும் என்றாள் பெனெஹாஃபோ;
நேற்று வலையில் வந்ததெல்லாம் செத்த மீனாம்.
அவள் கேட்டு நாங்கள் நீட்டினோம்,
எலாகோ கேட்டு அழித்தோம்.
ஒன்பது தாளிலும் ஒன்பது கரை.
எது சரி என்று சார் சொல்லவில்லை,
அவருக்கும் தெரியாது.
ஒன்பதையும் சுவரில் குத்தினார்.

திங்கட்கிழமை மூடுபனி திரும்பிவிட்டது.
பத்தரை மணி சுமாருக்கு
விண்கோள் தலைக்கு மேல் கடந்திருக்கும்,
இன்னொரு வெள்ளைத் திட்டைச் சேகரித்துக்கொண்டு.
உள்ளே நாங்கள்
வாயால் மூச்சுவிட்டபடி
மிச்சமிருந்த பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தோம்.