பதினேழாவது பிரிவு

ஏழரைக்குக் கூட்டம் என்றால்
ஏழே காலுக்கே வந்துவிடுவார் திரு ஓங் பூன் கியாட்,
விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலிக்காக.
மேற்கு வட்டாரம் அவர்.
கிழக்குக்கு மடம் ருக்கையா.
வடக்குக்கு வேதாசலம்.
குறிப்பெடுக்க நான்.
எனக்கு வாக்கு கிடையாது, பேனா உண்டு.

ஆறாவது பொருள்:
யீஷூன் மூவட்டார நலவாழ்வுச் சபையைக் கலைப்பது.

கலைப்பது என்று தட்டும்போதே கை தயங்கியது.
மேகம் தானாகக் கலையும்.
தூக்கத்தை யாராவது கலைக்க வேண்டும்.
வேஷத்தைப் போட்டவரே கலைக்கலாம்.
குளவிக் கூட்டைக் கலைப்பவர்
ஓடுவதற்கும் தயாராக இருக்க வேண்டும்.
சபையைக் கலைக்க, பதினேழாவது பிரிவின்படி,
மூன்று கையெழுத்து.
இரண்டு போதாது,
இரண்டே முக்காலும் போதாது என்றாராம்
அந்தப் பிரிவை எழுதிக்கொடுத்த வழக்கறிஞர்,
தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்து.

பதினோரு ஆண்டுக்கு முன்
ஒரு கால்வாய்க்காகக் கூடியவர்கள் இவர்கள்.
மேற்குக்கும் கிழக்குக்கும் நடுவே, முழங்கால் ஆழம்.
உங்களுடையது என்று இவர்கள் கடிதம் போட
உங்களுடையதேதான் என்று அவர்கள் பதில் போட
இரண்டு கடிதத்துக்கும் இடையில் தேங்கிய நீரில்
முட்டையிட்டுக்கொண்டிருந்தது கொசு.
பத்தொன்பது பேருக்குக் காய்ச்சல்.
இருபதாவதாகப் படுத்தது ஓங்கின் மகள்.
அடுத்த வாரமே உடன்படிக்கை:
கால்வாய் மூவருக்கும் சொந்தம்.

வடக்குக்கு அதில் ஒரு சொட்டுக்கூட இல்லை.
பிறகு ஏன் சேர்ந்தீர்கள் என்று கேட்டேன் ஒருநாள்.
காற்று எங்கள் பக்கம்தானே அடிக்கிறது, என்றார் வேதாசலம்.

இப்போது கிழக்கில் புதிய பலதுறை மருந்தகம்,
மின்தூக்கியும் குளிரூட்டியுமாக.
மேற்கின் பெயரில் வாடகை பாக்கி நாலாயிரத்துச் சொச்சம்.
இருவருக்குமே போதும் என்றாகிவிட்டது.
சொத்துப் பட்டியலை வாசித்தேன்:

தடுப்பூசிக் குளிர்பெட்டி, கிழக்குக்கு ஐந்தில் மூன்று பங்கு.
எடை பார்க்கும் இயந்திரம், இரண்டு கிலோ கூட்டிக் காட்டுவது,
அதை யாரும் கேட்கவில்லை.
மடக்கு நாற்காலி நாற்பது. எண்ணினால் முப்பத்தேழு.
இரத்த அழுத்தக் கருவி, வரிசை எண் பதினான்கு.
நோயாளர் அட்டைகள் ஆயிரத்து நூற்று நாற்பது.
ஒப்படைக்கப்படும் இடம் என்ற கட்டத்தில்
ஒன்றும் எழுதியிருக்கவில்லை.
தொண்டையைச் செருமிக்கொண்டு நிறுத்தினேன்.

மடம் ருக்கையா கையெழுத்திட்டார்.
ஓங் இட்டார், தேதியைத் தவறாகப் போட்டு, அடித்துத் திருத்தி.
பேனா வடக்குக்கு நகரும்போது
கதவு திறந்தது.

சீருடை கழற்றாத பேருந்து ஓட்டுநர்.
வியாழக்கிழமை அழுத்தம் பார்ப்பீர்களாமே?
மத்தியானத்திலிருந்து பிடரி வலிக்கிறது.

இங்கே இனி இல்லை என்று
யார் வாயிலிருந்தும் வரவில்லை.
மூலையில் அட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்த தாதி கம்சியா
எழுந்து வந்து, என் பட்டியலின் மேல் கிடந்த
வரிசை எண் பதினான்கை எடுத்து
அவர் கையில் சுற்றினாள்.
பட்டை ஊதி இறங்கும்வரை
மூன்று வட்டாரமும் பேசவில்லை.
நூற்று எழுபத்தெட்டு. கீழே நூற்று நான்கு.

அட்டைக்காகக் கேட்டாள், எந்த புளோக்?
அவர் சொன்ன எண் எங்கள் மூன்றிலும் இல்லை,
பெருஞ்சாலைக்கு அந்தப் பக்கம்.
ஓங்தான் சொன்னார், கையில் தன் பேனா மூடியோடு:
மேற்கு என்று போடம்மா.

டாக்சியில் கம்சியாவும் ஏறிக்கொண்டாள்.
திரும்பி வந்து உட்கார்ந்தோம்.
விசிறி பட்டியலைப் புரட்டிப் போட்டிருந்தது.
வேதாசலம் கையெழுத்திடவும் இல்லை,
மாட்டேன் என்று சொல்லவும் இல்லை.
கோப்பி ஆறிவிட்டது என்றார்.

ஆயிரத்து நூற்று நாற்பதை அடித்து
நாற்பத்தொன்று என்று எழுதினேன்.
ஆறாவது பொருள்: மூன்றாம் கையெழுத்து நிலுவையில்.

டாக்சிக்குப் பதினோரு வெள்ளி. எந்தக் கணக்கில் எழுத?
மூன்றாகப் பிரி, என்றார் மடம் ருக்கையா.
வகுபடவில்லை.
மூன்று வெள்ளி அறுபத்தேழு, அதே தொகை இன்னொரு முறை,
வடக்குக்கு மட்டும் அறுபத்தாறு.

புழக்கத்திலேயே இல்லாத அந்த ஒரு காசைப் பற்றி
ஒன்பதரை வரை பேசினார்கள்.