பதினேழு பேரும் ஒரு கல் உரலும்

எடை மேடை என் கௌண்டருக்கு இடப்பக்கம்.
முன்பு காய்கறிக் கிடங்கில் இருந்ததோ என்னவோ,
ஏறினால் ஒரு நொடி தயங்கி
பிறகுதான் எண்ணைச் சொல்லும்.
அந்த ஒரு நொடிக்குள்
பாயான் லெப்பாஸில் பறக்க வந்தவர்கள் எல்லோரும்
வயிற்றை உள்ளே இழுக்கிறார்கள்.
இழுத்தால் குறையுமா என்று நான் கேட்டதில்லை.

பத்தொன்பது இருக்கை, இரண்டு காற்றாடி,
லங்காவிக்கு நாற்பது நிமிடம்.
பெரிய விமானத்தில் யாரும் உங்களை நிறுப்பதில்லை,
அங்கே நீங்கள் ஒரு சராசரி.
இங்கே நீங்கள் நீங்கள்தான்,
சப்பாத்தோடு, கைப்பேசியோடு,
காலையில் சாப்பிட்ட ரொட்டி சானாயோடு.

திரையைப் பயணிகள் பக்கம் வைத்திருந்தார்கள்.
வேலைக்கு வந்த முதல் வாரமே
என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.
பின்னால் நிற்பவர் எட்டிப் பார்த்தால்
கையால் மறைப்பேன், பரீட்சைத் தாளை மறைப்பதுபோல.
"எழுபதுன்னு போட்டுக்கம்மா" என்பார் ஒருவர்.
எண்பத்து மூன்று என்று எழுதுவேன்.
உங்கள் பொய்யைக் காற்று நம்பாது, ஐயா.

"இந்தச் சின்ன ப்ளேன் தாங்குமா?"
எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி.
கேட்கும்போது பார்ப்பது
தனக்கு முன்னால் நிற்கிற பருத்த மனிதரை.

நேற்று பரஞ்சோதி என்று ஒருவர் வந்தார்.
மேடையில் கால் வைக்குமுன்பே சொன்னார்:
"அறுபத்து நாலு, புள்ளி எட்டு."
தயங்கியது மேடை.
அறுபத்து நாலு, புள்ளி எட்டு.
நிமிர்ந்து பார்த்தேன்.
மடித்த சட்டைக்குக் கீழே முன்கையில்
கயிறுபோல் புடைத்திருந்தது ரத்தக்குழாய்.
"ஜெலுத்தோங்கில் வாரம் மூணு தரம்
ஏத்தி நிறுத்து, தண்ணி இறக்கி,
மறுபடி ஏத்தி நிறுப்பாங்க.
நேத்து ராத்திரி இறக்கியாச்சு.
நாளைக்கு மறுநாள் வரைக்கும் நான் லேசு."
சிரித்தார்.
எவ்வளவு கூடினால் மூச்சு முட்டும் என்று
உடம்பாலேயே தெரிந்துவைத்திருக்கும் ஆள்.
விமானத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

பதினொரு மணிக்கு ஓடுதளம் கொதித்தது.
வெயில் ஏறினால் காற்று மெலியும்,
மெலிந்த காற்றுக்கு மனிதர்கள் கனம்.
கேப்டன் இயோ தாளைப் பார்த்தார்,
பேனாவின் பின்பக்கத்தால் காதைச் சொறிந்தார்.
முப்பத்தொரு கிலோ அதிகம்.

பதினேழு பேரும் ஒரே நேரத்தில்
தம் உடம்பைக் கடத்தல் சரக்குபோல் குனிந்து பார்த்தார்கள்.
பருத்த மனிதர் மட்டும் எழுந்தே விட்டார்,
பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு,
இது தனக்குப் பழக்கம் என்பதுபோல.

"ஆளை இல்லை, சாமானைத்தான்" என்றேன்,
மூன்று மொழியில், அவரைப் பார்க்காமல்.

தம்புன் பிஸ்கட் பன்னிரண்டு கிலோ.
பெலாச்சான் எட்டு; மக்சிக் ரொஹானி
பொட்டலத்தை முகர்ந்துவிட்டுத்தான் கொடுத்தார்.
கடைசியாகக் கனகமணியக்காவின் கல் உரல், பதினொன்று.
"குவாவில மக கடை போடறா."
"லங்காவி முழுக்கக் கல்தானே?" என்றாள் நோராயினி.
"அது வேற கல்லு."

பரஞ்சோதியை வாலுக்கு அனுப்பினேன்,
பருத்தவரை இறக்கைப் பக்கம், ஜன்னலோரம்.

ஓடியது விமானம். ஓடிக்கொண்டே இருந்தது.
எனக்கு அது எப்போதும் கொஞ்சம் அதிக தூரம்.
ஆறாம் ஆண்டில் கூட்டலில் கோட்டை விட்டவள் நான்;
கையில் தாள், உதட்டில் எண்கள்.
பிறகு சக்கரம் தரையை விட்டது.
தாளை நான்காக மடித்தேன்.

உரல் என் மேசைக்கடியில் இருக்கிறது,
செவ்வாய்க்கிழமை போகும்.
அதுவரை பேனாக்களை அதில்தான் போடுகிறேன்.
ஆளில்லாத மதியம் ஒன்றில்
காலி செய்து, தூக்கி, மேடையில் வைத்தேன்.
தயங்கியது.
பதினொன்று, புள்ளி நான்கு.

தாளில் நான் பதினொன்று என்று எழுதியிருந்தேன்.