நாக்கத்தது

மழை விடுமுறை என்று கலெக்டர் அறிவித்த அன்று
நீடாமங்கலத்தில் மழை இல்லை.
வெயில் ஈரத்துணி மாதிரி முதுகில் ஒட்டியது.
பள்ளிக்கூடம் இல்லையென்று களையெடுக்கப் போனேன்.
இருநூற்றைம்பது ரூபாய், மதியம் இரண்டு மணி வரை.

காத்தாயி ஆள்கணக்கில் என்னைப் பதினோராவதாகச் சேர்த்தாள்.
"பன்னண்டாவது படிக்கிற புள்ள,
நெல்லு எது, புல்லு எதுன்னு தெரியுமா?"
தெரியும் என்றேன்.
ஒருவிதையிலைத் தாவரங்கள் பாடத்தில் நான் நூற்றுக்கு நூறு.

முதல் அரைமணியில் பிடுங்கிப் போட்டதில்
பாதி நெல்.
குத்தகைக்காரர் சந்தானம் பார்த்துவிட்டார்.
ஒன்றும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றி, வயலில் இறங்கி,
ஒவ்வொன்றாகத் திரும்பச் சேற்றில் செருகினார்.
அதற்குத் திட்டியே இருக்கலாம்.

அப்புறம்தான் குனிந்து பார்த்தேன்.
அதே பச்சை. அதே உயரம். அதே நிமிர்வு.
வாய்க்கால் கரையில் இதே இனத்துப் புல்
செந்தண்டோடு, கால்பரப்பிக் கிடக்கிறது,
யாருக்கும் பயமில்லாமல்.
வயலுக்குள் வந்தது மட்டும்
நெல்லுக்கு நடுவே நெல்லாக நிற்கிறது.

இலை தண்டைத் தழுவும் இடத்தைப் பிரித்தேன்.
நெல்லுக்கு அங்கே ஒரு நாக்கு இருந்தது,
வெங்காயச் சருகு போல, நுனி இரண்டாய்க் கிழிந்து.
புல்லுக்கு வெறும் கோடு.
மற்றதையெல்லாம் நெல்லைப் பார்த்துக் கற்றுக்கொண்டு
நாக்கை மட்டும் மறந்துவிட்டது...

இல்லை, தப்பு.
புல் எதையும் பார்க்கவில்லை, கற்கவும் இல்லை.
விடைத்தாளில் இப்படி எழுதினால் சிவப்பு மை.

எத்தனை சம்பா, எத்தனை பேர் குனிந்த முதுகு.
சிவந்த தண்டு கண்ணில் பட்டது, பிடுங்கினார்கள்.
படர்ந்தது காலை இடறியது, பிடுங்கினார்கள்.
கொஞ்சம் பச்சையாய், கொஞ்சம் நேராய்
தற்செயலாய் முளைத்திருந்த ஒன்றைக்
கை தாண்டிப் போனது.
நெல் தலைகவிழுமுன் அது விதையை உதிர்த்தது.
அதன் பிள்ளைகளிலும் கை தேடியது, சிலதைத் தாண்டியது.
யாரும் திட்டம் போடவில்லை.
கூலிக்கு வேலை பார்த்தார்கள், அவ்வளவுதான்.
நாக்கு வரை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை,
பார்த்திருந்தால் ஒருவேளை அதுவும்...

"அக்கா, இந்தப் புல்ல இப்படி ஆக்குனது நீங்கதான்."
காத்தாயிக்குச் சுருக்கென்று வந்தது கோபம்.
"முப்பது வருசமா புடுங்குறேன். நானாடி வளத்தேன்?"
"புடுங்குனதால இல்ல, விட்டதால."
அவள் நகர்ந்து போய்விட்டாள்.
நாலு தூர் தள்ளி நின்று
இலையை மெல்லப் பிரிப்பது தெரிந்தது.
"இந்தா, நாக்கத்தது!"
என் காலடியில் வந்து விழுந்தது ஒன்று.
பிறகு வயல் முழுக்க அதே கூச்சல்:
நாக்கத்தது, இன்னொரு நாக்கத்தது!

வரப்பில் சந்தானம் யோசனையில் இருந்தார்.
அடுத்த போகம் களைக்கொல்லி அடித்தால் கூலி மிச்சம்.
கயிறு பிடித்து நட்டால் கோனோ வீடர் ஓட்டலாம்.
தையில் உளுந்து தெளிப்பதை விடக்கூடாது.
என்னிடம் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
மருந்தும் ஒரு கைதான். அதுவும் தாண்டிப் போகும்.
தாண்டியதற்கு மருந்து உறைக்காது.
உருளை ஓட்டினாலோ
வரிசைக்குள் முளைத்தது பிழைக்கும்.
ஒரே கேள்வியை வருஷா வருஷம் கேட்டால்
புல் விடையை மனப்பாடம் செய்துவிடும்
(மறுபடி தப்பு).
கேள்வியை மாற்றிக்கொண்டே இருங்கள், அண்ணே.

இரண்டு மணிக்கு வாய்க்காலில் கால் கழுவினோம்.
விரலிடுக்குச் சேறு கரைந்து
கடைமடைப் பக்கம் போயிற்று,
அதில் எத்தனை விதையோ.
நாளைக்கும் லீவு என்றாள் ஒருத்தி.
அப்போதுதான் கிழக்கே கறுக்க ஆரம்பித்தது.