படம் நான்கு

இரவு ஒன்றரை.
பண்டாரவளையில் மழை விட்டுவிட்டது,
கூரைத் தகரம் இன்னும் நம்பவில்லை.
கோப்பின் பெயர்: இறுதி, உண்மையாகவே இறுதி, மூன்று.
கண்டியிலிருந்து உதேனி வெத்தசிங்க
ஒரு காற்புள்ளியை நகர்த்தி அனுப்பியிருக்கிறாள்.
நான் அதைப் பழைய இடத்துக்கே கொண்டுபோகிறேன்.

சுருக்கம் இருநூற்றைம்பது சொல்லைத் தாண்டக் கூடாதாம்.
முன்னூற்றுப் பன்னிரண்டு இருந்தது.
முதலில் 'மிக' போனது.
பிறகு 'மெதுவாக'.
மெதுவாக என்பதற்கு இலக்கம் இருக்கிறது:
ஆண்டுக்கு முப்பத்தொரு மில்லிமீற்றர்.
அப்புறம் தோட்டத்தின் பெயர் போனது.
'ஆய்வுப் பகுதி' என்று போட்டால்
இரண்டே சொல்லில் அடங்கிவிடுகின்றன
ஏழு லயம், ஒரு பிள்ளைக்காம்பரா,
கொடியில் காயாத நானூறு பேரின் துணி.

முதல் சஞ்சிகை ஏழு மாதம் வைத்திருந்து திருப்பியது.
'மழைத் தரவில் பன்னிரண்டு நாள் இடைவெளி. விளக்கவும்.'
கிளாக்கரின் புத்தகத்தில்
பச்சை மையில், அங்குலத்தில்,
ஐம்பத்திரண்டு வருடம் இருக்கிறது,
அந்தப் பன்னிரண்டு நாளைத் தவிர.
சம்பளம் கேட்டு யாரும் மலைக்கு ஏறாத நாட்கள் அவை.
மழை மட்டும் வேலைக்கு வந்தது,
அதற்குப் பேர் போட ஆளில்லை.
'கருவி வாசிக்கப்படவில்லை' என்று எழுதினேன்.
பொய்யில்லை.

இரண்டாவது குறை, படம் நான்கு.
விரிசலுக்குள் தவமலரின் கை.
சுத்தியல் என் பையில்தான் இருந்தது,
நாணயமும் இருந்தது.
எடுக்குமுன் அவளே வைத்துவிட்டாள்:
"பாருங்கக்கா, ரெண்டு வெரல் போகுது."
கொழுந்து பறித்துக் கறுத்த இரண்டு விரல்.
'மனிதக் கை நியம அளவுகோல் அன்று. நீக்கவும்.'
நியாயம்தான்.
மணிக்கட்டில் தொடங்கி
நகத்தின் கறைவரை வெட்டி எடுத்தேன்.
அந்த இடத்தில் ஒரு கறுப்பு வெள்ளைக் கோடு,
ஐந்து சென்ரிமீற்றர்.

இரண்டு ஆணி, ஒரு நைலோன் கயிறு,
அவள் மகனின் அடிமட்டம்.
இருநூற்றுப் பதினாறு வாசிப்புகள்,
கடைசிக் காம்பராச் சுவரில் கரித்துண்டால்.
அவள் போனில் சொல்லச் சொல்ல
நான் அட்டவணையில் இட்டேன்.
ஆசிரியர் வரிசையில் அவள் பெயரை அடித்தேன்.
நிறுவனம் என்றது படிவம், கட்டாயம்.
மின்னஞ்சல், கட்டாயம்.
சிவப்பு நட்சத்திரத்துக்கு முன்னால்
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
பிறகு அவளை நன்றியுரைக்கு இறக்கினேன்.

முரண்படும் நலன்கள் உண்டா?
விரிசலுக்குக் கீழே பதினொரு மீற்றரில்
என் தம்பி பரணியின் கட்டில்.
தலைமாடு மலைப்பக்கம்.
அவர்கள் கேட்பது காசு பற்றி.
காசு இல்லை.
'இல்லை' என்று புள்ளி வைத்தேன்.

முடிவுரை, கடைசி வரி:
'மேலதிக ஆய்வு அவசியம்.'

டொங்கிளை இறப்பர் பாண்டில் கட்டி
ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன்.
முப்பது வீதம். ஐம்பத்தொன்பது.
அறுபத்து நான்கில் நின்றது.

அப்போதுதான் போன் அதிர்ந்தது.
குரல்பதிவு, பின்னால் நாய்கள்.
"அக்கா, டோர்ச் அடிச்சுப் பாத்தேன்.
சாயங்காலம் ரெண்டு வெரல்தான்.
இப்ப மூணு போகுது.
நாலாவதையும் வைக்கலாம் போல."

எத்தனை மில்லிமீற்றர் என்று நான் கேட்கவில்லை.
பரணிக்கு எடுத்தேன்.
மூன்றாவது தடவை எழும்பினான்.
எல்லாரையும் எழுப்பு,
கீழ் ஸ்கூலுக்குக் கூட்டிக்கொண்டு போ,
இப்பவே, மாட்டையும் அவிழ்த்துவிடு என்றேன்.
இருநூற்றைம்பதுக்கு எவ்வளவோ குறைவு.

அங்கே கதவுகள் தட்டப்படுவது கேட்டது,
ஒரு லயம், அடுத்த லயம்.
இங்கே திரையில் ஒரு சின்னப் பெட்டி:
நீண்ட நேரமாக அசைவு இல்லை,
இன்னும் இருக்கிறீர்களா?