தட்டு வைக்கும் இடம்

வந்த முதல் வாரம்
பாசிர் பாஞ்சாங் உணவங்காடியில்
மீன் உருண்டை நூடுல்ஸ் தின்றுவிட்டு
தட்டை மேசையிலேயே விட்டு எழுந்தேன்.
தூத்துக்குடியில் என் தட்டை
நான் தூக்கியதாக நினைவில்லை.
யாரோ தூக்கினார்கள்.
அந்த யாரோவுக்கு ஒரு பெயர் இருக்குமென்று
தோன்றியதும் இல்லை.

மறுநாள் கவனமாகத் தூக்கிப்போய்
ஹலால் அடுக்கில் வைத்துவிட்டேன்.
எனக்குக் கீழே வேலை பார்க்கும் சியூ லிங்
ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்து
அடுத்த அடுக்கில் வைத்தாள்.
பிறகு, "ஏழாம் பாரந்தூக்கி நிற்கிறது, தெரியுமா?" என்றாள்.
தப்பைத் திருத்தவும்
தலையைக் குனிய வைக்கவும்
இரண்டு தனித்தனிக் கைகள் வேண்டுமென்று
அதுவரை எனக்குத் தெரியாது.
நான் இரண்டையும் ஒரே கையால் செய்துவந்தவள்.

இங்கே என் பெயர் வெறும் இசக்கி.
பத்தொன்பது வயதுப் பயிற்சிப் பையனுக்கும் இசக்கி.
அவர்கள் ஆங்கிலத்தில் 'நீங்கள்' கிடையாது.
முதல் தடவை காதுமடல் சுட்டது.
மேடம் என்ற சொல்
உடம்பில் எங்கே ஒட்டியிருந்தது என்பது
அது உரிந்தபோதுதான் தெரிந்தது.

பிறகு அந்த அதிகாலை.
கப்பல் கிளம்ப நாற்பது நிமிடம்,
இன்னும் பதினெட்டுப் பெட்டிகள்.
"ஸ்டாப்" என்றது வயர்லெஸ்.
சொன்னவன் மொஃபஸல்,
கொள்கலன் கட்டும் ஒப்பந்தக் கூலி.
இறங்கி ஓடினேன்,
வாய் நிறைய ஊர் வசவோடு.
அவன் கையுறை விரலால் காட்டினான்:
திறக்காத முறுக்குப் பூட்டு ஒன்று.
பெட்டியோடு லாரியும் எழுந்திருக்கும்,
உள்ளே டிரைவரும்.
வசவை விழுங்கினேன். கசந்தது.
வேலையை நிறுத்தியவர் யார் என்ற கட்டத்தில்
அவன் பெயரை எழுதினேன்.
தண்டனைக்கு அல்லாமல்
ஒரு தொழிலாளியின் பெயரை நான் எழுதியது
பதினாறு வருடத்தில் அதுதான் முதல்.

இத்தோடு நிறுத்தினால்
நான் திருந்தியவள் ஆகிவிடுவேன்.

போன வருடம் மொஃபஸலின் தகப்பனார் இறந்தார்.
விடுப்பு விண்ணப்பம் கைபேசியில் வந்தது.
பதினொரு நொடியில் அனுமதித்தேன்.
எவ்வளவு வேகம் பார் என்று
என்னை நானே மெச்சிக்கொண்டேன்.
இரவு பஸ்ஸில்தான் உறைத்தது:
ஊரில் என்றால் அவனைக்
காலையில் வைதிருப்பேன்,
மாலையில் இழவு வீட்டில் நின்றிருப்பேன்.
ஜூரோங்கில் இறங்கி
விடுதி வாசலுக்கு நடந்தேன்.
அவன் சாங்கி போய்ச் சேர்ந்திருந்தான்.
"யாரைப் பார்க்க வேண்டும்?" என்றார் காவலர்.
சுழல்கதவின் முன்
பதில் இல்லாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

இப்போது தூத்துக்குடிக்கே கூப்பிடுகிறார்கள்,
புதிய முனையத்துக்குத் தலைமை.
நேற்று காணொளியில் முதல் கூட்டம்.
நான் திரையில் வந்ததும்
பதினான்கு பேரும் எழுந்து நின்றார்கள்.
கேமராவில் இடுப்புகள் மட்டும் தெரிந்தன.
உட்காரச் சொல்ல மூன்று தடவை ஆயிற்று.
இந்தத் திட்டம் சரிவராது என்று
யாருக்காவது தோன்றுகிறதா?
அமைதி.
எனக்குப் பழக்கமான அமைதிதான்.
முன்பு அதே அறையில்
என் குரலை ஊற்றி நான் வளர்த்தது.

ஒலியை அணைக்க மறந்த ஒரு பெண்
பக்கத்தில் இருந்தவளிடம்
"இது நடக்கிற காரியமா?" என்றாள்.
"நடக்காதா? ஏன்?" என்றேன்.
அவள் முகம் வெளுத்தது,
"ஸாரி மேடம்" என்றாள்.
காத்திருந்தேன்.
ஏழாவது நிமிடத்தில்
அலை ஏற்ற நேரத்தை நாங்கள்
கணக்கில் எடுக்காததைச் சொன்னாள்.
பெயர் பேச்சித்தாய்.

அடுத்த மாதம் பதினேழாம் தேதி விமானம்.
அந்த கேண்டீனில்
நான் தட்டைத் தூக்கியதும்
யாராவது பதறி ஓடிவந்து பிடுங்குவார்கள்.
விடக்கூடாதா, விட்டுவிடலாமா?
முதலில் பெயரைக் கேட்க வேண்டும்.
அதற்கு மேல்
இன்னும் யோசிக்கவில்லை.