தண்ணீர் குடிக்கும் காட்சி

செவ்வாய், வியாழன், சனி.
டிராப்சோன் மருத்துவமனை, மூன்றாம் தளம்.
ஒரு தொலைக்காட்சி, பதினோரு நாற்காலிகள்.
இடது கையை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால்
மிச்சம் வலது கையும் அபிப்பிராயமும்தான்.

கடலோர மாளிகையில் நடக்கும் அந்தத் தொடரை
முதல் வாரமே வெறுத்தேன்.
மருமகள் கதவருகே நின்று ஒட்டுக்கேட்கிறாள்,
ஆறு வாரமாக.
இஸ்தான்புல் பணக்காரர்கள் வீட்டில்
இவ்வளவு மெல்லிய கதவா?
"கதவு கெட்டிதான், கதைதான் மெல்லிசு" என்றார்
பக்கத்து நாற்காலி ஃபெரிதுன்.
முப்பது வருடம் மினிபஸ் ஓட்டியவர்.
காதலன் அழுதுகொண்டே காரோட்டும் காட்சியில்
எல்லோரும் மூக்கை உறிஞ்ச, அவர் மட்டும்:
"கியரே மாற்றவில்லை பார். பொய்க் கண்ணீர்."

ஹாஜெர் கொடுத்த துப்பறியும் நாவலில்
நாற்பதாம் பக்கத்து ஓரத்தில்
யாரோ காய்கறிக் கணக்குப் போட்டு,
கீழே 'டாக்டர்தான் கொன்றது' என்றும்
எழுதி வைத்திருந்தார்கள்.
முந்நூறு பக்கத்தில்
தயங்காத வரி அது ஒன்றுதான்.

பரிசு வாங்கிய ஒரு படம்.
பனியில் ஒருவன் நடக்கிறான்.
நடக்கிறான்.
ஷுக்ரான் இரண்டு முறை தூங்கி எழுந்தாள்,
அவன் இன்னும் போய்ச் சேரவில்லை.
எனக்குப் பிடித்திருந்தது.
நான்கு மணி நேரம் என்றால் என்னவென்று
உடம்பால் தெரிந்தவர் எடுத்த படம்.
இதைச் சொன்னதற்கு
ஒரு வாரம் என்னோடு யாரும் பேசவில்லை.

பதினோரு பேரும் ஒரே கருத்தானது ஒரு முறைதான்.
ஏதோ ஒரு தொடர், பெயர்கூட நினைவில்லை.
சண்டை முடிந்து சமையலறைக்கு வந்த நாயகன்
குழாயைத் திறந்தான், குவளையை நிரப்பினான்,
மடக் மடக்கென்று,
வாயோரம் வழிய வழிய,
ஒரே மூச்சில் குடித்தான்.

நாளுக்கு மூன்று டம்ளர் அளந்து குடிப்பவர்கள் நாங்கள்.
தொண்டைக்குழிகள் ஏறி இறங்கின.
இயந்திரங்கள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன.
"பிள்ளைகள் பார்க்கிற நேரத்தில்
இதையெல்லாம் போடலாமா?" என்றார் ஃபெரிதுன்.
சிரித்த சிரிப்பில்
என் இயந்திரம் அலாரம் அடித்தது.

மார்ச் மாதம் ஒரு வியாழன்,
மருமகள் கடைசியில் கதவைத் திறக்கக் கைவைத்த நொடி,
அவர் கைபேசி ஒலித்தது.
சிறுநீரகம் கிடைத்திருக்கிறது, உடனே புறப்படுங்கள்.
ஊசிகளை உருவினார்கள்.
செருப்பை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடியவர்
வாசலில் திரும்பி,
"முடிவை நீ பார்த்துச் சொல்லு, நெஸ்ரின்" என்றார்.

அதற்காகவே பார்த்தேன்.
பதின்மூன்று வாரம். மருந்துச் சீட்டின் பின்பக்கம் குறிப்பெடுத்து,
பல்லைக் கடித்துக்கொண்டு.

நவம்பரில் மீன் சந்தையில் எதிர்ப்பட்டார்.
நெத்திலிக் குவியல்களுக்கு நடுவே,
கையில் பெரிய தண்ணீர் பாட்டில்,
பாதி காலி.
நான் அதையே பார்த்திருப்பேன் போல,
பின்னால் மறைத்துக்கொண்டார்.
முடிவைச் சொல்ல வாயெடுத்தேன்.
"வீட்டில் போட்டுப் பார்த்தேன்,
பத்து நிமிடம் தாங்கவில்லை" என்றார்.
"இப்போது எழுந்து போக முடிகிறதே,
என்ன செய்ய?"

அரைக்கிலோ நெத்திலி வாங்கி வந்தேன்.
நாளை செவ்வாய். புதுத் தொடர் ஆரம்பம்.
படுமோசமாகத்தான் இருக்கும்.
ஷுக்ரான் முந்திக்கொள்வதற்குள்
அதை நான் சொல்லியாக வேண்டும்.